இறங்கும் இடம்

என் அக்கா ஆறடி இரண்டு அங்குலம். பன்னிரண்டு வயதில் அப்பாவின் தோளைத் தாண்டினாள், பதினான்கில் அவர் தலையையும் தாண்டிவிட்டாள். அப்பா தையல்காரர். கடையில் விற்கிற கால்சட்டை எதுவும் அக்காவுக்குக் கணுக்கால் வரை எட்டாது என்பதால் அவள் உடுப்பெல்லாம் அப்பாவின் மெஷினில்தான் பிறந்தன. "உனக்கு ஒண்ணு தைக்கிற துணியில ரெண்டு வாடிக்கையாளர முடிச்சு அனுப்பியிருப்பேன்" என்று சலித்துக்கொள்வார். ஆனால் அவளுக்குத் தைக்கும்போது மட்டும் ஒவ்வொரு தையலையும் இரண்டு தடவை ஓட்டுவார். தெருவில் யார் வீட்டில் பல்பு போனாலும் நாற்காலி தேட மாட்டார்கள், அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். கொடிக்கம்பம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் பின்னாலேயே அலைந்ததால் எனக்கு வால் என்று பெயர்.

அவள் ஐந்து நாடுகளில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடினாள். எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போன முதல் பெண் அவள்தான். அவளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார்கள், பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அதெல்லாம் உண்மை. அதற்கு முன்னால் நடந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்காவுக்கு இருபத்து மூன்று வயது, எனக்குப் பதினெட்டு. உள்ளூர் லீக்கின் இறுதி ஆட்டம். எதிர் அணியில் குருவி என்று ஒருத்தி இருந்தாள். அக்காவின் மார்பு உயரம்தான் இருப்பாள். ஆனால் பந்து அவள் கையில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று நாம் கண்டுபிடிப்பதற்குள் அது வலைக்குள் விழுந்திருக்கும். அன்று மூன்றாவது வரிசையில் சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு கிளப் ஒன்று ஆள் தேட அனுப்பியவர். அவர் குருவிக்காகத்தான் வந்திருக்கிறார் என்பது அரங்கில் கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் தெரியும். உயரமானவர்கள் அவர்கள் நாட்டிலேயே கொட்டிக் கிடந்தார்கள். பந்தை நகர்த்துகிறவள்தான் அவருக்கு வேண்டும்.

நான் வழக்கம்போல ஸ்டாண்டில் போனை மாட்டி ஆட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முடிய எட்டு நிமிடம் இருந்தது. குருவி வளைகோட்டுக்கு வெளியே நின்று எம்பினாள். தடுப்பதற்காக அக்கா கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தாள். அதுவரை எல்லாம் சரி. எம்புகிறவர் இறங்கத் தரையில் இடம் விடவேண்டும் என்பது கூடைப்பந்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற விஷயம். அக்கா கீழே பார்த்தாள். குருவியின் கால் எங்கே வந்து இறங்கப்போகிறது என்று பார்த்தாள். பிறகு வெள்ளை ஷூ போட்ட தன் வலது காலை அங்கே கொண்டுபோய் வைத்தாள்.

புதுத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினால் முதல் திருகில் நொறுக்கென்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் வந்தது. குருவியின் முழங்கால். பந்து அப்போதுதான் வலைக்குள் விழுந்துகொண்டிருந்தது. நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மண்டியிட்டுக் குருவியின் தலையைத் தாங்கிப் பிடித்தது அக்காதான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "எதிர் டீமா இருந்தாலும் பாரு, என்ன மனசு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பா எறங்கிட்டா பாவம்" என்றார்கள். மருத்துவமனையிலும் அதையே சொன்னார்கள் என்று கேள்விப்பட்டோம். இரண்டு தடவை அறுவை சிகிச்சை செய்தார்கள். குருவி மறுபடி ஆடவில்லை.

தொப்பிக்காரர் மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்ததற்கு ஒருத்தியையாவது கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அவர் வேலை போய்விடும் போலிருந்தது. அக்கா ஆடியதன் சுருக்கத்தை கிளப்புக்குக் காட்ட வேண்டும், வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். நான் அப்போது ஒரு ஸ்டுடியோவில் விழா வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலையில் சேர்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்து அந்த ஆட்டத்தை வெட்டினேன். ஒரு நொடிக்கு முப்பது படம். ஒவ்வொன்றாக நகர்த்தினால் எதுவும் ஒளிய முடியாது. அக்காவின் கண் கீழே போவது தெரிந்தது. பிறகு கால் போவது தெரிந்தது. அக்கா என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த எடத்த எடுத்துரு" என்றாள்.

"எடுத்துட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் நாங்கள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வெளிநாட்டு ஆட்டக்காரியின் வாழ்க்கை வெளியிலிருந்து பார்க்க மினுக்கும். ஒரு அணிக்கு வெளிநாட்டார் இரண்டு பேர்தான் என்று கணக்கு இருக்கும். நாலு ஆட்டம் சரியாக ஆடாவிட்டால் ஐந்தாவது ஆட்டத்துக்கு வேறொருத்தி விமானத்தில் வந்து இறங்கிவிடுவாள். கிளப் கொடுக்கும் அறையில் கட்டில் எப்போதும் குட்டை. கால்மாட்டில் பெட்டியை வைத்து அதன்மேல் பாதத்தை நீட்டித் தூங்குவாள். குளியலறைக் குழாய் நெஞ்சுக்குத்தான் வரும். "குனிஞ்சு குனிஞ்சு குளிச்சதுல கடவுள்கிட்ட நல்ல பேர் எடுத்திருப்பேன்" என்பாள். காலையில் பயிற்சிக்குப் போகும் பஸ்ஸிலிருந்து எனக்குப் போன் செய்வாள். அப்பா மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "இடுப்பு ஏறியிருக்கா, எறங்கியிருக்கா? அளவு சொல்லு" என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த நலம் விசாரிப்பு அதுதான்.

முதல் நாட்டில் இரண்டு சீசன் நன்றாக ஆடினாள். அதன்பிறகு அவள் ஆட்டத்தில் ஒரு வினோதம் தெரிய ஆரம்பித்தது. எதிராளி எம்பினால் அக்கா பின்வாங்குவாள். ஒரு அடிதான். ஆனால் அந்த ஒரு அடியில் எதிராளிக்குக் கூடை திறந்துவிடும். பயிற்சியாளர்கள் கத்திப் பார்த்தார்கள், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தார்கள். கோட்டில் நிற்பாள். எதிரே நிற்பவள் எம்பியதும் சுடுதண்ணீரில் மிதித்தவள்போல அவள் வலது கால் தானாகப் பின்னுக்கு வந்துவிடும். இரண்டாவது நாடு, மூன்றாவது நாடு என்று மாறினாள். பெரிய லீக்கிலிருந்து சின்ன லீக்குக்கு இறங்கினாள். மூன்றாவது நாட்டில் ஏழாம் நம்பர் சட்டை கொடுத்தார்கள். அது குருவியின் நம்பர். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டதற்கு ராசியில்லை என்றாளாம். ராசி பார்க்காத குடும்பம் எங்களுடையது.

அவள் ஆடிய எல்லா ஆட்டங்களையும் நான் வீடியோவில் பார்த்தேன். இடைவேளை வந்ததும் மற்றவர்கள் வட்டமாக நிற்க, அக்கா மட்டும் தள்ளிப்போய்த் தலைமேல் துண்டைப் போட்டு இரண்டு காதையும் அழுத்திக்கொண்டு நிற்பாள். வியர்வை துடைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு புது பாட்டில்களைத் திருகுவார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோதும் ஃப்ளாஸ்க்கில்தான் தண்ணீர் குடித்தாள்.

ஐந்தாவது கிளப், குளிர் நாட்டில் ஒரு பழைய தொழிற்சாலை நகரம். இரண்டாம் நிலை லீக். அரங்கின் சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாய் யாரோ உள்ளேயிருந்து தட்டுவது மாதிரி டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்குமாம். முதல் நாள் சிகிச்சை அறையில் மேசைமேல் படுக்கச் சொன்னார்கள். படுத்தாள். முழங்காலுக்குக் கீழே பாதி வெளியே தொங்கியது. அப்போது பின்னாலிருந்து எங்கள் மொழியில் ஒரு குரல் வந்தது.

"இன்னொரு மேச கேக்கணும் போலிருக்கே. கொடிக்கம்பம் பாதி தெருவுல நிக்குது!"

கையில் கட்டுத் துணிச் சுருளோடு குருவி நின்றாள்.

ஆட முடியாது என்றானதும் குருவி பிசியோதெரபி படித்திருக்கிறாள். மேல்படிப்புக்கு அந்த நாட்டுக்கு வந்து, அங்கேயே அந்த கிளப்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். புது ஆட்டக்காரியின் பெயரைப் பட்டியலில் பார்த்த நாளிலிருந்து காத்துக்கொண்டிருந்தாளாம். "ரெண்டு வருஷமா வாய்விட்டுப் பேச ஆளில்லடி. கண்ணாடிய பாத்துப் பேசிட்டிருக்கேன். அதுவும் இப்ப பதில் சொல்ல மாட்டேங்குது" என்று அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்காவின் விலா எலும்பு வரைக்கும்தான் அவள் தலை வந்தது.

அன்று மதியம் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"அவ இங்க இருக்கா."

"யாரு?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

"என்ன சொன்னா?"

"சிரிக்கிறா" என்றாள் அக்கா. "என்னப் பாத்து சந்தோஷமா சிரிக்கிறாடி."

திட்டியிருந்தால், முறைத்திருந்தால் அக்கா தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன். குருவி நல்லவளாக இருந்து அவளைக் கொன்றாள். தச்சரைக் கூட்டிவந்து கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெட்டி அடித்து நீளமாக்கிக் கொடுத்தாள். எட்டு வருடத்தில் அக்கா முதல்முறையாகக் கால் நீட்டிப் படுத்தது அந்தக் கட்டிலில்தான். படுத்தாளே தவிர, தூங்கியதாகச் சொல்லவில்லை. குருவி கம்பளிக் காலுறை வாங்கி வந்தாள், பஸ் எண்ணையெல்லாம் எழுதி ஒட்டினாள். தினமும் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் முன் அக்காவின் கணுக்காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கட்டுப்போடுவாள். வலது காலையும். குறிப்பாக வலது காலை, ஏனென்றால் அதில் பழைய சுளுக்கு ஒன்று இருந்தது. "இந்தக் காலுக்கு என்னடி ஆச்சு, இவ்வளவு வெறப்பா வச்சிருக்க? தளர்த்து" என்பாள்.

சனிக்கிழமை சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போவார்கள். படிக்கட்டு வந்தால் குருவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் குனிந்து பார்த்து இறங்குவாள். அக்கா காத்துக்கொண்டு நிற்பாள். "என் காலை நான் நம்பறதில்ல. ஒரு தடவ ஏமாத்திருச்சுல்ல" என்று குருவி சிரிப்பாள். அவள் வலியெல்லாம் எப்போதுமே சிரிப்பாகத்தான் வெளியே வரும். அக்கா அந்தச் சிரிப்போடு சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்து வாந்தி எடுப்பாள்.

இப்படி மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் பிற்பகல், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. இளையோர் அணியைச் சேர்ந்த மூன்று பெண்கள் சிகிச்சை அறையில் இருந்தார்கள். அக்கா மேசைமேல் உட்கார்ந்திருந்தாள். எம்பி இறங்குவது எப்படி என்று குருவி அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கால்சட்டையை உருட்டி முழங்காலைக் காட்டினாள். இரண்டு நீளத் தழும்புகள்.

"இது என் தப்பு. கூடையப் பாத்தேனே தவிர, எறங்குற எடத்த பாக்கல. ஒரு நொடி அசட்டையா இருந்தேன், அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. நீங்க இத மறக்கவே கூடாது. புரியுதா?"

மூவரும் தலையாட்டினார்கள். ஒரு பெண் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாளாம். அந்த எழுத்து முடிகிறவரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்ததாக அக்கா சொன்னாள். பெண்கள் போனார்கள். குருவி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அக்காவின் வலது காலை மடியில் எடுத்துக் கட்டுத் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"நீ சரியாத்தான் எறங்கின" என்றாள் அக்கா.

"என்ன?"

"அன்னிக்கு. நீ சரியாத்தான் எறங்கின. நான்தான் கால வச்சேன்."

குருவி நிமிராமலே சிரித்தாள். "அட, ஆட்டம்னா கால்ல கால் படத்தான் செய்யும். இதையா இத்தன வருஷமா மனசுல வச்சிட்டிருக்க?"

"படல. வச்சேன். நீ எங்க எறங்குவேன்னு பாத்தேன். பாத்துட்டு வச்சேன்."

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"உங்க கோச் சொன்னாரா?"

"யாரும் சொல்லல. தொப்பிக்காரர் உன்னப் பாத்துப் பாத்து எழுதிட்டிருந்தாரு. ஒரு தடவகூட என்னப் பாக்கல. உன்ன நிறுத்தணும்னு தோணுச்சு. இவ்வளவு ஆகும்னு நெனைக்கல. ஆனா வேணும்னுதான் வச்சேன்."

குழாய் டக் டக்கென்று அடித்தது. குருவி மறுபடி சுற்றத் தொடங்கினாள். ஒரு சுற்றுகூட விடாமல், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கட்டி முடித்தாள். கத்தரியால் நுனியை வெட்டி விரலால் அழுத்தி ஒட்டினாள்.

"இறுக்கமா இருக்கா?"

"இல்ல."

"போ. ஆடு."

அன்று அக்கா ஆடியதை நான் நேரலையில் பார்த்தேன். பந்து எங்கே போகிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அணியின் பெஞ்சில் கடைசி நாற்காலி குருவியுடையது. அது காலியாக இருந்தது.

மூன்றாம் நாள் ஸ்டுடியோவில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"வாலா பேசறது?"

குருவியின் குரலை உடனே தெரிந்துகொண்டேன். எழுந்து வெளியே படிக்கட்டுக்குப் போனேன்.

"ஆமாக்கா."

"அந்த ஆட்டத்த நீ வீடியோ எடுத்தியாமே. இருக்கா?"

"இருக்கு."

"முழுசாவா?"

"முழுசாத்தான் இருக்கு."

"நீ பாத்திருக்கியா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "பாத்திருக்கேன்" என்றேன்.

"எப்ப?"

"அப்பவே."

 "அப்ப நீயும் தெரிஞ்சுதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு கடையில் சாமான் கேட்பவள்போல, "சரி, அனுப்பு" என்றாள்.

அனுப்பினேன். அக்காவிடம் கேட்கவில்லை. அனுப்பினால் அக்காவின் பிழைப்பு போய்விடலாம் என்று தெரியும். ஆனால் அந்த வீடியோவை எட்டு வருடமாக நான் அழிக்காமல் வைத்திருந்ததற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஒருநாள் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் வைத்திருந்தேன் போலிருக்கிறது.

இதற்குள் அக்கா தானாகவே கிளப் மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "வேற நாடு, வேற கிளப், எட்டு வருஷம் ஆச்சு. இதுக்கு எங்ககிட்ட ஒரு ஃபாரம்கூட இல்லம்மா. பயிற்சிக்கு நேரமாச்சு, போங்க" என்றாராம். தண்டனை கொடுக்கக்கூட ஆளில்லாமல் அக்கா அவர் அறை வாசலில் நின்றிருக்கிறாள்.

பதினோரு நாள் விடுப்பு முடிந்து குருவி வேலைக்கு வந்தாள். அக்காவை வேறொருவரிடம் மாற்றிவிடட்டுமா என்று மேலாளர் கேட்டதற்கு, வேண்டாம் என்றாள். முதல் வேலையாக அந்த மூன்று பெண்களையும் சிகிச்சை அறைக்கு வரச்சொன்னாள். அக்கா மேசைமேல் இருந்தாள். இறங்கிப் போகலாமா என்று பார்த்தாள். "உக்காரு" என்றாள் குருவி.

பெண்களிடம் சொன்னாள்: "அன்னிக்கு நான் சொன்னத நோட்டுல அடிச்சிருங்க. தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். எம்பும்போது கூடையத்தான் பாக்கணும். எறங்குற எடம் உங்களோடது. அங்க யாராவது வந்து கால வச்சா, அது வச்சவங்க தப்பு. உங்க தப்பு இல்ல."

பேனா வைத்திருந்த பெண் பழைய வரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீசன் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அந்த ஐந்து மாதமும் குருவி அக்காவின் காலைக் கட்டினாள். அதே நேர்த்தி, அதே மடி. ஆனால் "காலை நீட்டு", "இறுக்கமா இருக்கா" என்ற இரண்டு பேச்சுக்குமேல் மூன்றாவது பேச்சு இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு வேளை அந்த மேசையில் போய்ப் படுப்பது மருத்துவமனையில் தையல் பிரிக்கப் படுப்பது மாதிரி இருந்தது என்றாள் அக்கா. போகாமல் இருந்திருக்கலாம். தானே கட்டிக்கொள்ளத் தெரியும். ஆனாலும் ஒருநாள்கூடத் தவறவில்லை. சொன்னால் பாரம் இறங்கும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். எதுவும் இறங்கவில்லை. எதிராளி எம்பினால் இன்னமும் கால் பின்னே போனது. இடைவேளைகளில் இன்னமும் காதைப் பொத்திக்கொண்டாள்.

கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, பெட்டி கட்டிவிட்டு அரங்குக்குப் போனாள். இன்னொரு வருடம் இருக்கச்சொல்லி கிளப் கேட்டிருந்தது. மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மாடி வராந்தாவுக்கு வந்தபோது, எதிரே குருவி வந்தாள். இந்தமுறை அவளே பேசினாள்.

"அந்த வீடியோவ முன்னூறு தடவ பாத்திருப்பேன். மொதல்ல உன்னத்தான் பாத்தேன். உன் கண்ண, உன் கால. அப்பறம் சலிச்சுப்போச்சு. என்னப் பாக்க ஆரம்பிச்சேன்." தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். "எவ்வளவு நல்லா எம்பியிருக்கேன் தெரியுமா? ஒரு குத்தம் சொல்ல முடியாது. எட்டு வருஷமா என் காலத் திட்டிட்டிருந்தேன்டி. அது ஒரு பாவமும் பண்ணல."

"என்ன மன்னிச்சிடு" என்றாள் அக்கா. அதுவரை அந்த வார்த்தையை அவள் சொல்லவே இல்லை.

"அது வேற. அத எங்கிட்ட கேக்காத. கேட்டா இல்லன்னு சொல்ல வேண்டி வரும்."

சொல்லிவிட்டுக் குருவி மாடிப்படி இறங்கினாள். கைப்பிடியைத் தொடவில்லை. கீழே பார்க்கவும் இல்லை. கடைசி இரண்டு படியைச் சேர்த்துத் தாண்டி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அக்கா வீட்டுக்கு வந்தாள். அப்பா வாசலிலேயே இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிவிட்டு, "மூணு இஞ்ச் போயிருச்சு" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. மறுபடி ஆடமாட்டேன் என்றாள். ஆனால் அரங்கை விட்டு இருக்கவும் தெரியவில்லை. நடுவர் தேர்வு எழுதித் தேறினாள். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெண்கள் லீக்குக்குப் போக ஆரம்பித்தாள். மற்ற நடுவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். அவள் தரையைப் பார்ப்பாள். எம்புகிறவளின் காலடியில் யார் வந்தாலும் விசில் பறக்கும். நல்ல நடுவர், கண்டிப்பானவர் என்று சொன்னார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. சரியான இடத்துக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். முடிய அரை நிமிடம் இருந்தது. ஒரு பெண் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எம்பினாள். அவளைத் தடுக்க வந்தவள் ஒல்லியான பெண், முழங்கால் உறை போட்டிருந்தாள். அவள் ஒரு அடி தள்ளியே நின்றுவிட்டாள். கையை மட்டும் உயர்த்தினாள். பந்து கூடையில் விழவில்லை. எம்பியவள் பத்திரமாக இறங்கினாள். விசில் ஒலித்தது. அக்கா அந்த ஒல்லிப் பெண்ணின் காலைக் காட்டி நின்றாள்.

அரங்கே கத்தியது. அக்கா அசையவில்லை. மூன்று இலவச வீச்சு கொடுத்தாள், இரண்டு உள்ளே போயின, ஒல்லிப் பெண்ணின் அணி ஒரு புள்ளியில் தோற்றது. அந்தப் பெண் வாதாடவில்லை. தனக்குத் தெரியாமல் எங்கேயோ போய்விட்டு வந்த கால்களைப் பார்ப்பதுபோலத் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா கேட்டாள். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"கால் இருந்துச்சுல்ல?"

ஜன்னலுக்கு வெளியே கடைகள் ஒவ்வொன்றாகப் போயின. "இல்லக்கா" என்றேன். "ஒரு அடி தள்ளித்தான் நின்னா."

அக்கா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு, "நல்லாத் தெரிஞ்சுதுடி" என்றாள். "வெள்ள ஷூ. பெரிய கால்."

அந்தப் பெண் போட்டிருந்தது நீல ஷூ. சின்னக் கால். நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். தன் இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை அந்தப் பெண்ணின் அணி பயிற்சி செய்யும் மைதானத்தைத் தேடிப் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண் தனியாக ஓரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் ஊதினது தப்பு" என்றாள் அக்கா. "நீ கால வைக்கல."

பெண் பந்தைப் பிடித்து நிறுத்தினாள். நிமிர்ந்து, நிமிர்ந்து, அக்காவின் முகம்வரை பார்த்தாள். "தெரியும்" என்றாள். "இப்ப சொல்லி என்ன? தோத்தாச்சு."

"ஆமா" என்றாள் அக்கா.

"எங்க கோச் நம்ப மாட்டேங்கறாங்க. நான் வேணும்னே வச்சேன்னு எல்லார் முன்னாடியும் திட்டினாங்க. அவங்ககிட்ட வந்து சொல்லுவீங்களா?"

"எங்க இருக்காங்க?"

பெண் கை நீட்டிக் காட்டினாள். மைதானத்தின் மறுகோடியில் ஒருவர் பத்துப் பன்னிரண்டு பெண்களை வரிசையாக நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பிறகு அந்தப் பெண்ணோடு மைதானத்தின் குறுக்கே நடந்துபோனாள். வரிசையில் நின்ற ஒவ்வொரு தலையாக அவளைப் பார்த்துத் திரும்பியது. அவள் நின்று, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, உரக்கவே பேச ஆரம்பித்தாள்.